மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பது: விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தும் ஆள் வரவில்லை, வந்தவரும் நிற்கவில்லை. எங்கே திருத்துவது?

மனிதவளன் (கேள்வி)

வணக்கம். சுமார் 180 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆளெடுப்பைக் கவனிக்கிறேன். மூன்று பிரிவுகளில் அடிக்கடி இடம் காலியாகிறது: கணக்குப் பிரிவில் பில் பதிவு, தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவை, கிடங்கில் பொருள் எடுத்துப் பொட்டலம் கட்டுவது. மூன்றிலும் மாற்றுத்திறனாளிகளை எடுக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. அதனால் விளம்பரத்தின் அடியில் "மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம்" என்று சேர்த்தோம். விண்ணப்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட வரவில்லை. பார்வையற்ற ஒருவர் ஆன்லைன் தேர்வைப் பாதியில் விட்டுவிட்டார். கிடங்கில் சேர்ந்த காதுகேளாத ஒருவர் சில வாரங்களில் விலகிவிட்டார், காரணமும் சொல்லவில்லை.

எந்தக் குறைபாடு உள்ளவருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் என மேலாளர்கள் கேட்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா? கட்டடம் இரண்டு மாடி, லிஃப்ட் இருக்கிறது, நுழைவாயிலில் மூன்று படி. எதை முதலில் மாற்றுவது? ஊக்க வார்த்தைகள் வேண்டாம், செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலைக்கூறு

அந்தப் பட்டியலை மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். "பார்வை இல்லையா, தொலைபேசியில் உட்காரவை, காது கேட்காதா, பொட்டலம் கட்டச் சொல்" என்பதில்தான் போய் முடியும். ஒரே குறைபாடு உள்ள இரண்டு பேர் வேலை செய்யும் முறை ஒன்றாக இருக்காது. பிறவியிலேயே பார்வை இல்லாமல் பிரெயிலில் படித்து வளர்ந்தவருக்கும், நடுவயதில் பார்வை குறைந்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கும் தேவையானவை முற்றிலும் வேறு. நீங்கள் எழுத வேண்டியது வேலையைப் பற்றிய பட்டியல்.

பில் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த வேலையில் நன்றாக இருப்பவர் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்து அவர் செய்வதையெல்லாம் எழுதுங்கள். பில்லை வாங்குவது, ஆர்டர் எண்ணோடு ஒப்பிடுவது, மென்பொருளில் ஏற்றுவது, தொகை பொருந்தாவிட்டால் சப்ளையரிடம் கேட்பது, கையெழுத்துக்கு மாடிக்குக் கொண்டுபோவது, பழைய கோப்புகளை அலமாரியில் ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு விஷயம் குறியுங்கள்: கிடைக்க வேண்டிய முடிவு என்ன, இப்போது எப்படிச் செய்கிறார், நாளில் எத்தனை தடவை, வேறு வழியில் அதே முடிவு கிடைக்குமா. எழுதி முடித்ததும் தெரியும், மாடிக்குக் கோப்பு தூக்கிப் போவதும் அலமாரி ஏறுவதும் அந்த வேலையின் உயிர் அல்ல. வழக்கத்தில் ஒட்டிக்கொண்டவை. அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் செய்யும் ஒப்பிடும் வேலையில் கொஞ்சத்தைப் புதிதாகச் சேரும் மாற்றுத்திறனாளிக்கு மாற்றினால் யாருக்கும் சுமை கூடாது.

இந்தத் தாள் கையில் இல்லாமல் விளம்பரம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு, பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே நகலாகி வரும் வரிகளைப் பாருங்கள். "ஓட்டுநர் உரிமம் அவசியம்." கணக்குப் பிரிவில் யார் வண்டி ஓட்டுகிறார்கள்? "சிறந்த பேச்சுத் திறன் வேண்டும்." பொட்டலம் கட்டுபவருக்கு எதற்கு? திக்கிப் பேசுபவரும் காதுகேளாதவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். "20 கிலோ தூக்க வேண்டும்" என்பதற்குப் பதில் "20 கிலோ வரையுள்ள பெட்டிகளை மேசையிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்ற வேண்டும், உயரம் மாறும் மேசை உண்டு" என்று எழுதினால் தன்னால் முடியுமா என்று படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

விளம்பரத்தைப் படமாகப் போட்டுப் பகிர்கிறீர்களா? திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்களில் பெரும்பாலானவை படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தாமாக வாசிப்பதில்லை. அதே வாசகத்தை எழுத்தாகவும் கீழே போடுங்கள். தொடர்புக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காதுகேளாதவருக்கு வழியில்லை. குறுஞ்செய்தி, மின்னஞ்சல் இரண்டையும் சேருங்கள்.

"விண்ணப்பிக்கலாம்" என்ற வரி ஒன்றுமே சொல்லவில்லை, எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதலாம்: "தேர்வுக்கோ நேர்காணலுக்கோ ஏற்பாடு தேவைப்பட்டால் எழுதுங்கள், இரண்டு வேலை நாட்களில் பதில் வரும். சைகைமொழி பெயர்ப்பாளர், கூடுதல் நேரம், பெரிய எழுத்து, தரைத்தளத்தில் நேர்காணல் ஆகியவை செய்து தர முடியும்." உதாரணங்களை விடாமல் எழுதுங்கள். அவற்றைப் பார்த்துத்தான் இந்த இடத்துக்கு விஷயம் தெரியும் என்று நம்பி ஒருவர் விண்ணப்பிக்கிறார். வாசலில் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, கழிப்பறை எப்படி என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

வழக்கமான வேலைவாய்ப்புத் தளத்தில் மட்டும் போட்டால் போதாது. காதுகேளாதோர் சங்கங்கள், பார்வையற்றோருக்கான பயிற்சி மையங்கள், சிறப்புப் பள்ளிகள் ஆகியவற்றோடு, காலியிடம் வருவதற்கு முன்பே பேசி வையுங்கள். அவர்களுக்கு மேலே சொன்ன வேலைத்தாளை அனுப்பினால் பொருத்தமானவரை அவர்களே சொல்வார்கள். வெறும் பதவிப் பெயரை அனுப்பினால் யாரையாவது அனுப்புவார்கள்.

நேர்காணலில் "எப்படி இப்படி ஆச்சு?" என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்க வேண்டியது: "இந்த வேலையில் இன்னின்ன பணி இருக்கிறது. எப்படிச் செய்வீர்கள், அதற்கு என்ன வேண்டும்?" இதை எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கேள்விகளை முந்தின நாளே அனுப்புவது பெரிய உதவி. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" போன்ற எல்லையில்லாத கேள்வியில் அவர்கள் தடுமாறுவது வேலைத் திறனைக் காட்டாது. பொட்டலம் கட்டும் வேலைக்கு நேர்காணலே தேவையில்லை. சம்பளத்தோடு அரை நாள் செய்து பார்க்கச் சொன்னால் இரு தரப்புக்கும் விடை கிடைத்துவிடும்.

ஆட்டிசம் என்றதும் மென்பொருள் சோதனைதான் என்று இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க டென்மார்க்கில் 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனம் அந்தத் துறையில் நல்ல வழியைக் காட்டியது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து எல்லா ஆட்டிசக்காரரையும் கணினி முன் உட்காரவைப்பதும் முதலில் சொன்ன அதே பட்டியல்தான்.

மேலாளர்கள் இதையெல்லாம் சலுகை என்று நினைத்தால், 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையைக் காட்டுங்கள். 27ஆம் பிரிவு வேலை உரிமை. 2ஆம் பிரிவு, நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால்தான் விலக்கு.

செவித்திரை

ஆன்லைன் தேர்வில் நின்ற பார்வையற்றவர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கே நின்றிருப்பார் என்பதை நீங்களே கண்டுபிடிக்க முடியும். என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், விண்டோஸில் ஓடும். நிறுவுங்கள், மவுஸைக் கழற்றுங்கள், மானிட்டரை அணையுங்கள். இப்போது உங்கள் தேர்வை உள்நுழைவதிலிருந்து "சமர்ப்பி" வரை முடியுங்கள். டேப் அடுத்த பொத்தானுக்கோ பெட்டிக்கோ கொண்டுபோகும். ஹெச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, எஃப் அழுத்தினால் அடுத்த படிவப் பெட்டி. இன்சர்ட்டுடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வரும். பேச்சை நிறுத்த கன்ட்ரோல்.

பொதுவாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. உள்நுழையும்போது படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்வது. பெயரில்லாத பொத்தான்: கண்ணுக்கு அம்புக்குறி தெரியும், காதுக்கு வெறும் "பொத்தான்" என்று மட்டும் கேட்கும். விடைகளை இழுத்துப் போடும் கேள்விகள். விளக்கமில்லாத வரைபடங்கள். நிறுத்தவோ நீட்டிக்கவோ முடியாத கடிகாரம். இவை எல்லாவற்றையும் விட மோசமானது கண்காணிப்பு மென்பொருள். தேர்வைத் தவிர வேறெதையும் திறக்கவிடாத பூட்டப்பட்ட உலாவி, ஸ்கிரீன் ரீடரையே வேற்று நிரலாக நினைத்து மூடிவிடும், அல்லது கேமராவில் கண் திரையைப் பார்க்கவில்லை என்று முறைகேடாகக் குறித்துவிடும். உங்கள் தேர்வு நிறுவனத்திடம் முதலில் இதைக் கேளுங்கள். விடை சரியில்லை என்றால் அந்த விண்ணப்பதாரருக்கு அதே கேள்விகளை வேர்ட் கோப்பாக, ஆள் கண்காணிப்பில், கூடுதல் நேரத்தோடு கொடுங்கள். ஒன்றரை மடங்கு நேரம் பல இடங்களில் வழக்கம், ஆனாலும் அவரிடமே கேட்டு முடிவு செய்வது சரி.

இணையப் பக்கங்களுக்கான அளவுகோல் டபிள்யூ.சி.ஏ.ஜி. அதன் 2.2 பதிப்பு 2023இல் வந்தது. இழுத்துப் போடுவதற்கு மாற்று வழி இருக்க வேண்டும், உள்நுழைவதில் நினைவாற்றல் புதிர் மட்டுமே வழியாக இருக்கக்கூடாது என்பவை அதில் புதிதாகச் சேர்ந்தவை. அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது ஏஏ, ஒப்பந்தத்தில் "ஏஏ நிலை" என்று எழுதச் சொல்லுங்கள். விற்பவர் கொடுக்கும் அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள், அதை நிரப்புபவர் பெரும்பாலும் விற்பவரேதான். உங்கள் பில் பதிவு மென்பொருளில் அன்றாடம் செய்யும் ஐந்து வேலையைக் கீபோர்டில் மட்டும் செய்து பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.

சேர்ந்த முதல் நாளே வேலை நின்றுபோவதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, ஐ.டி. பிரிவின் பாதுகாப்பு விதி. அனுமதிப் பட்டியலில் இல்லாத மென்பொருளை நிறுவ முடியாது, யு.எஸ்.பி.யில் எதையும் செருக முடியாது. ஸ்கிரீன் ரீடரும், திரையில் உள்ள எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் திரையும் அதில் அடிபடும். ஆள் வந்த பிறகு ஐ.டி. பிரிவுக்குக் கோரிக்கை (டிக்கெட்) போட்டால் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பார், சுற்றி இருப்பவர்கள் அவரால் வேலை செய்ய முடியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். வேலை உறுதிக் கடிதம் போன அன்றே அனுமதி வாங்குங்கள்.

இரண்டு, ரிமோட் டெஸ்க்டாப். தூரத்துக் கணினியின் திரை இந்தப் பக்கம் வெறும் படமாகத்தான் வருகிறது. படத்தில் ஸ்கிரீன் ரீடருக்கு வாசிக்க ஒன்றுமில்லை. தூரத்து முனையிலும் ஸ்கிரீன் ரீடர் ஓட வேண்டும், ஒலி இந்தப் பக்கம் வர வேண்டும். என்.வி.டி.ஏ.வின் 2025ஆம் ஆண்டுப் பதிப்புகளில் தொலை அணுகல் உள்ளேயே வந்துவிட்டது, முன்பு தனி இணைப்பு நிரல் வேண்டியிருந்தது. உங்கள் மென்பொருள் சர்வரில் ஓடுகிறதா என்று இன்றே கேட்டு வையுங்கள்.

பில் பதிவில் கையால் எழுதிய பில்கள் உண்டா? அச்சடித்ததை எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) வாசித்துவிடும், கையெழுத்தில் தவறு அதிகம். கையெழுத்து பில்களைப் பார்வையுள்ள சக ஊழியருக்குத் தள்ளிவிட்டு, மின்னஞ்சலில் வரும் பில்களை இவரிடம் கூடுதலாகக் கொடுப்பதுதான் நேர்மையான பங்கீடு. முடியாததை முடியும் என்று சொல்லி யாரையும் இக்கட்டில் விடக்கூடாது.

தொலைபேசி சேவையில் பார்வையற்றவருக்கு இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்கும், வாடிக்கையாளரும் ஸ்கிரீன் ரீடரும். ஒரு காதில் அழைப்பு, மறு காதில் கணினி என்று பிரிக்கும் ஹெட்செட் வேண்டும். இதைப் பழகியவர்கள் வேகமாகச் செய்வார்கள். பிரெயில் தெரிந்தவருக்கு 40 எழுத்து பிரெயில் திரை இருந்தால் வாடிக்கையாளர் பேசும்போதே விரலால் கணக்கைப் படிக்கலாம். சுவரில் தொங்கும் "காத்திருக்கும் அழைப்புகள்" திரையில் இருப்பது அவர் கணினிக்கும் எழுத்தாக வர வேண்டும். பயிற்சியில் "இதோ இங்கே அழுத்துங்கள்" என்று சுட்டிக்காட்டும் பழக்கத்தை விட்டு, பொத்தானின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

குறைபார்வை உள்ளவர் விஷயத்தில் ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது: கேட்காமலே பெரிய எழுத்தைக் கொடுத்துவிடுவது. பார்வைப் பரப்பு குறுகியவருக்கு எழுத்து பெரிதானால் ஒரு சொல்கூட முழுதாக அடங்காது, அவருக்குச் சிறிய எழுத்தும் நல்ல நிறவேறுபாடும்தான் வசதி. சாதாரண எழுத்துக்குப் பின்புலத்தோடு 4.5:1 வேறுபாடு குறைந்தபட்சம். ஜன்னலுக்கு எதிரே திரையை வைக்காதீர்கள்.

மனிதவளன்

மிக்க நன்றி. பில் மென்பொருள் சர்வரில்தான் ஓடுகிறது. தேர்வைக் கீபோர்டில் செய்து பார்த்தேன், மூன்றாம் கேள்வியே இழுத்துப் போடும் வகை.

கிடங்கைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? காலையில் பத்து நிமிடம் வாய்மொழிக் கூட்டம், கையடக்க ஸ்கேனர் "பீப்" ஒலி கொடுக்கும், ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடிக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் எடுக்க நினைக்கிறோம், ஆனால் மணிக்கு இத்தனை பொட்டலம் என்ற இலக்கு இருப்பதால் மேற்பார்வையாளர்கள் தயங்குகிறார்கள்.

கிடங்குக்காரர்

காதுகேளாதவர் ஏன் விலகினார் என்பதற்கு நீங்கள் எழுதிய மூன்று விஷயத்திலேயே பாதி விடை இருக்கிறது. வேலை கடினமாக இருந்து விலகுவது குறைவு. தகவல் வராமல்தான் விலகுகிறார்கள். ஷிஃப்ட் மாறியது எல்லோருக்கும் காதில் விழுந்திருக்கும், இவர் மட்டும் பழைய நேரத்துக்கு வந்து திட்டு வாங்குவார்.

காலைக் கூட்டத்தில் சொல்வதை முன்கூட்டியே ஐந்தாறு வரியில் எழுதிக் குழுவுக்கு அனுப்புங்கள், பலகையிலும் எழுதுங்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைகைமொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துமொழி இரண்டாம் மொழி. நீண்ட வாக்கியங்களை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு "எழுதித்தான் கொடுத்தோமே" என்று சொல்லாதீர்கள். சின்ன வாக்கியம், படம், செய்முறைக்குச் சைகைமொழிக் காணொளி. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நம்பியும் இருக்காதீர்கள், பேச்சில் ஒரு பகுதிதான் உதட்டில் தெரியும். மீதி ஊகம்.

முதல் நாள் பயிற்சி, பாதுகாப்பு வகுப்பு, சம்பளப் பேச்சு, ஒழுங்கு விசாரணை ஆகியவற்றுக்குப் பெயர்ப்பாளர் கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு பேர் வேண்டும். சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், தொடர்ந்து செய்தால் சோர்வில் தவறு கூடும். கூட்டத்தில் வரும் பொருள் பெயர்களையும் குறியீடுகளையும் முந்தின நாளே அவர்களுக்கு அனுப்புங்கள். தானியங்கி எழுத்து வசதி அன்றாடப் பேச்சுக்குப் பரவாயில்லை, ஆனால் எண்ணிலும் பெயரிலும்தான் அதிகம் பிசகும். கிடங்கில் எல்லாமே எண்ணும் பெயரும்தானே.

ஸ்கேனரில் அதிர்வு வசதி இருக்கும், அமைப்பில் போய் இயக்க வேண்டும். சரி என்றால் ஒரு அதிர்வு, தவறு என்றால் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஃபோர்க்லிஃப்டுக்கு முன்னும் பின்னும் தரையில் நீலப் புள்ளி விழும் விளக்கு பொருத்துங்கள், முனைகளில் குவி கண்ணாடி மாட்டுங்கள், நடைபாதைக்குத் தனிக் கோடு போடுங்கள். காதுக்காப்பு மாட்டிய எல்லோருக்கும் இதுவே பாதுகாப்பு. தீ எச்சரிக்கைக்கு ஒளிரும் விளக்கு வேண்டும். கழிப்பறைக்குள்ளும் ஓய்வறைக்குள்ளும் போட மறந்துவிடுவார்கள், அவர் தனியாக இருக்கும் இடமே அவைதான். விளக்கு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது. வலிப்பு உள்ள சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும்.

சக ஊழியர்களுக்கு அந்த இடத்தில் புழங்கும் சைகைகளைச் சொல்லிக்கொடுங்கள்: நில், வண்டி வருகிறது, பெட்டி தவறு, சாப்பாட்டு நேரம், நாளைக்கு நேரம் மாறுகிறது. அந்த ஊழியரே சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்து அறிவுசார் குறைபாடு. 1970களில் மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கின் பல பாகங்களைச் சேர்த்துக் கோர்க்கக் கற்றுக்கொடுத்தார். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்குப் பாகத்தில் நிறம் பூசியதும் கற்பது வேகமானது. ஆளிடம் குறை தேடாமல் கற்பிக்கும் முறையைத் திருத்த வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பொட்டலம் கட்டுவதைத் துண்டு துண்டாக உடையுங்கள். பெட்டியை விரி, அடியை மடி, நாடா ஒட்டு, பொருளை எண்ணி வை, இடைவெளியை நிரப்பு, சீட்டு வை, மூடு, நாடா, முகவரி ஒட்டு. ஒரு அட்டையில் ஒரு படி, உங்கள் மேசையிலேயே எடுத்த படம். எண்ணுவது சிரமம் என்றால் 12 குழி வெட்டிய பலகை போதும், குழி நிரம்பினால் எண்ணிக்கை சரி. முகவரிச் சீட்டு ஒட்டும் இடத்துக்கு அட்டையில் ஜன்னல் வெட்டிப் பெட்டி மேல் வைத்தால் கோணல் வராது.

கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்ல வழி. பயிற்றுநர் எல்லாவற்றையும் செய்து முடிவில் முகவரி ஒட்டுவதை மட்டும் அவருக்கு விடுவார். அது பழகியதும் அதற்கு முந்தின படி. ஒவ்வொரு முறையும் முடிந்த பொட்டலம் அவர் கையில் இருக்கும், எதற்காகச் செய்கிறோம் என்பது விளங்கும். உதவியைச் சிறிதாகத் தொடங்குங்கள்: முதலில் காத்திருங்கள், பிறகு சுட்டுங்கள், பிறகு செய்து காட்டுங்கள். தவறியதும் வாயால் ஓடிப்போய்ச் சொன்னால், அடுத்த முறையும் அவர் உங்கள் வாயைத்தான் பார்ப்பார்.

பணிப் பயிற்றுநர் வெளியிலிருந்து வந்தால் இரண்டு விஷயம் கெடும். இலக்கு தவறுமே என்று பயிற்றுநரே கட்டத் தொடங்கிவிடுவார். மேற்பார்வையாளர் ஊழியரிடம் பேசாமல் பயிற்றுநரிடம் பேசுவார். பயிற்றுநர் எந்த வாரத்தில் எவ்வளவு நேரம் விலகுவார் என்று தொடக்கத்திலேயே எழுதி, பக்கத்து மேசைக்காரர் ஒருவரை இயல்பான துணையாகப் பழக்குங்கள்.

இலக்கைப் பற்றி: முதலில் தவறில்லாமல் கட்டுவதை அளந்து பாருங்கள், வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். படிப்படியான இலக்கு எல்லாப் புதியவருக்கும் கொடுப்பதுதான், அவருக்குச் சற்று நீளம் அதிகம். வேகம் ஒரு அளவோடு நின்றுவிட்டால், நேரக்கட்டு இல்லாத வேலையை, உதாரணமாகத் திரும்பி வந்த பொருளைப் பிரித்துச் சரிபார்ப்பதை, அவர் பங்கில் சேர்த்துப் பாருங்கள். தவறு குறைவாக இருப்பவருக்கு அது அருமையாகப் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: பெட்டி அளவோ நாடா எந்திரமோ மாறினால் முன்னறிவிப்பும் மறுபயிற்சியும் வேண்டும். பெட்டி மாறிய அன்று தவறு கூடியதைப் பார்த்து "இவருக்குச் சரிவராது" என்று எழுதிவிடுவது கிடங்குகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

அளவுநாடா

கட்டடத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஒன்று: மாற்றுத்திறனாளிகளில் சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஒரு பகுதிதான். சாய்தளம் கட்டும் வரை ஆளெடுப்பை நிறுத்திவைக்கக் காரணமே இல்லை.

மூன்று படி, படிக்கு 15 செ.மீ. என்றால் மொத்தம் 45 செ.மீ. சாய்வு 1:12ஐத் தாண்டக்கூடாது, எனவே சாய்தளம் மட்டும் 5.4 மீட்டர். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் தனி. இரு பக்கமும் கைப்பிடியும், ஓரத்தில் சக்கரம் விழாமல் தடுப்பும் வேண்டும். இடமில்லை என்று 1:6இல் கட்டிவைத்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும், அதற்குக் கட்டாமலே இருக்கலாம். இடம் பத்தாவிட்டால் திருப்பி மடித்துக் கட்டுங்கள், அல்லது நாற்காலியோடு ஆளை ஏற்றும் சிறிய தளத் தூக்கி போடுங்கள்.

உள்ளே, கதவு திறந்த நிலையில் 85 செ.மீ. வழி, குமிழுக்குப் பதில் நெம்புகோல் பிடி, நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். மேசைக்கு அடியில் முழங்கால் போக சுமார் 70 செ.மீ. உயரம், இழுப்பறைப் பெட்டி அங்கே இருக்கக்கூடாது. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டால் காப்பாற்ற முடியாது. பீடத்தின் உயரம் 43 முதல் 48 செ.மீ., பக்கத்தில் நாற்காலி நிறுத்த 90 செ.மீ. இடம்.

மாடியில் வேலை என்றால், தீ நேரத்தில் லிஃப்ட் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி வெளியேறும் திட்டம் எழுதுங்கள்: எங்கே காத்திருப்பார், எந்த இரண்டு பேர் துணை, அவர்கள் விடுப்பில் போனால் யார், படிக்கட்டில் ஆளை உட்காரவைத்து இறக்கும் நாற்காலி எங்கே. ஒத்திகையில் அவரையும் இறக்கிப் பாருங்கள். "நீங்கள் இங்கேயே இருங்கள், இது ஒத்திகைதானே" என்று விட்டுவிட்டால் அந்தத் திட்டம் தாளில் மட்டும்தான் இருக்கும்.

எல்லாம் கட்டி முடித்த பிறகும் இரண்டு விஷயம் கெட்டுப்போகும். சாய்தளத்தின் அடியில் வண்டி நிறுத்துவார்கள், வசதியான கழிப்பறையைத் துடைப்பமும் அட்டைப்பெட்டியும் வைக்கும் அறையாக்குவார்கள். வாரம் ஒருமுறை பார்த்துவரப் பெயர் குறிப்பிட்டு ஒருவரை நியமியுங்கள்.

மனிதவளன்

செலவு யார் கணக்கில் என்பதில் இப்போதே பேச்சு எழுகிறது. ஹெட்செட், பெயர்ப்பாளர் எல்லாம் தன் பிரிவின் பட்ஜெட்டில் வந்தால் முடியாது என்கிறார் ஒரு மேலாளர். மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

வேலைக்கூறு

அந்த மேலாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரிவுக் கணக்கில் வைத்தால் மாற்றுத்திறனாளியை எடுப்பவருக்குத் தண்டனை, எடுக்காதவருக்கு மிச்சம் என்று ஆகிவிடும். நிறுவனத்துக்கு ஒரு பொது நிதி வையுங்கள், ஒரே ஒருவர் அனுமதி கொடுக்கட்டும், சிறிய தொகைக்கு அனுமதியே வேண்டாம். கேட்ட நாளிலிருந்து ஐந்து வேலை நாளில் "செய்கிறோம்" அல்லது "இதற்குப் பதில் இது" என்று எழுத்தில் பதில் போக வேண்டும். பாதி ஏற்பாடுகளுக்குச் செலவே கிடையாது: ஷிஃப்ட் நேரம், உட்காரும் இடம், எழுத்தில் தரும் குறிப்பு. எந்தச் சிரமத்துக்கு என்ன தீர்வு என்று தேட, ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க் என்ற அமெரிக்கச் சேவையின் தளம் நல்ல தொடக்கம். யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

மனநலத்துக்கு, ஐ.பி.எஸ். (தனிநபருக்கு வேலை தேடித் தந்து ஆதரவு கொடுப்பது) என்ற முறை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பல மாதம் பயிற்சிக்கூடத்தில் உட்காரவைத்துப் பிறகு வேலை தேடாமல், விருப்பம் சொன்னதுமே உண்மையான சம்பள வேலையைத் தேடி, சேர்ந்த பின் ஆதரவு கொடுப்பது. ஆதரவுக்குக் காலக்கெடு கிடையாது. உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை எளியவை. இரவு மருந்தினால் காலையில் மந்தமாக இருந்தால் தொடங்கும் நேரத்தைத் தள்ளிவையுங்கள். ஷிஃப்ட் அடிக்கடி மாறாமல் பாருங்கள், தூக்கம் கெடுவது பல நோய்களைக் கிளப்பும், வலிப்புக்கும் அப்படித்தான். மருத்துவரிடம் போக மாதத்தில் சில மணி நேரம் விடுப்புப் பேச்சில்லாமல் கிடைக்க வேண்டும். நோயின் பெயர் மேலாளருக்குத் தேவையில்லை, "காலை பத்து மணிக்குத் தொடக்கம்" என்ற ஏற்பாடு மட்டும் தெரிந்தால் போதும். மருத்துவத் தாள்களை ஊழியர் கோப்பில் வைக்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள்.

விண்ணப்பித்தவர், தேர்வை முடித்தவர், நேர்காணலுக்கு வந்தவர், சேர்ந்தவர், ஆறு மாதம் தாண்டியவர், பதவி உயர்வு பெற்றவர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுங்கள். ஆட்கள் தேர்வில் உதிர்கிறார்களா, ஆறு மாதத்துக்குள் உதிர்கிறார்களா என்பது தெரிந்தால் எதைத் திருத்துவது என்பதில் வாக்குவாதம் இருக்காது. இந்த எண்ணிக்கை விரும்பிச் சொன்னவர்களைக் கொண்டுதான் அமையும், பெயரை நீக்கிவிட்டுத்தான் வெளியே காட்ட வேண்டும்.

செய்து கொடுத்த ஏற்பாடுகளை ஒரு பக்கத் தாளில் எழுதி ஊழியரும் மேலாளரும் கையெழுத்திடட்டும். முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம் எடுத்துப் பாருங்கள். மேலாளர் மாறும்போதும் மென்பொருள் மாறும்போதும்தான் நன்றாக ஓடிய ஏற்பாடு உடைகிறது. புதிய மேலாளருக்கு முதல் நாளே அந்தத் தாளைக் கொடுங்கள். பில் மென்பொருளின் புதிய பதிப்பு எல்லோருக்கும் போவதற்கு முன்பு ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஊழியரிடம் சோதனைக்குப் போகட்டும், அந்த நேரத்தை அவருடைய வேலை நேரமாகவே கணக்கில் எடுங்கள்.